நான்கு மடங்கு திமிங்கிலம்

"அத்தை, இது என் மேல் படுத்துக்கொள்கிறது. நான் இதன் மேல் படுத்துக்கொள்ள வேண்டும்."

அண்ணன் மகள் இதைச் சொன்னபோது, நான் பின்னிக் கொடுத்த திமிங்கிலப் பொம்மை அவள் வயிற்றின் மேல் கிடந்தது. 30 சென்டிமீட்டர் நீளம். ஒரு வார இறுதியில் பின்னி முடித்தது. அவளுக்கு வயது ஏழு. குறை சொல்லும் குரலே இல்லை. வேலையில் ஒரு பிழை நேர்ந்திருக்கிறது, அதைக் கவனத்துக்குக் கொண்டுவருகிறாள், அவ்வளவுதான். திமிங்கிலம் எவ்வளவு பெரிய பிராணி என்று அவளுக்கு ஊட்டி வளர்த்ததும் நான்தான். வாயால் வந்த வினை.

எவ்வளவு பெரிதாக வேண்டும் என்று கேட்டேன். கதவு நிலையில் அவள் உயரத்தைப் பென்சிலால் குறித்து வைத்திருக்கிறார்கள். கடைசிக் கோடு 118 சென்டிமீட்டரில் இருந்தது. "என்னைவிட ஒரு விரல் அதிகமாக." ஆக, 120.

120ஐ 30ஆல் வகுத்தால் 4. சின்னதற்கு 60 கிராம் நூலும் 40 கிராம் பஞ்சும் செலவாகியிருந்தன. அன்று இரவு ஒரு தாளில் எழுதினேன்: நூல் 240 கிராம், பஞ்சு 160 கிராம். எதற்கும் இருக்கட்டும் என்று 100 கிராம் கண்டுகள் மூன்று வாங்கினேன். பெருந்தன்மையாக வாங்கியதாக நினைப்பு வேறு. பள்ளியில் கணக்கில் நல்ல மதிப்பெண் வாங்கியவள் நான் என்பதை இங்கே பதிவு செய்து வைக்கிறேன். அதனால் எந்தப் பயனும் இல்லை என்பதற்குச் சான்றாக.

ஒற்றைக் கொக்கியால் நூலைக் கண்ணி கண்ணியாகக் கோத்துப் பின்னும் குரோஷேயில், உருண்டையான எதையும் நடுவிலிருந்துதான் தொடங்க வேண்டும். நூலை விரலில் வளைத்து ஒரு சுருக்குப் போட்டு, அதற்குள் ஆறு கண்ணிகள் போட்டு, நூலின் நுனியை இழுத்தால் ஓட்டை மூடிக்கொள்ளும். மேஜிக் ரிங் என்பார்கள். அடுத்த சுற்றில் ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டு போட்டால் பன்னிரண்டு. அதற்கடுத்து பதினெட்டு, இருபத்துநான்கு. சுற்றுக்கு ஆறு ஆறாகக் கூட்டிக்கொண்டே போனால் தட்டையான வட்டம் கிடைக்கும். ஏன் ஆறு என்று நான் பல ஆண்டுகள் கேட்டதே இல்லை. மந்திரத்துக்கு அர்த்தம் கேட்கக் கூடாது என்பதுபோல் ஒப்பித்துக்கொண்டிருந்தேன். விடை எளிது. சிங்கிள் குரோஷே எனப்படும் அடிப்படைக் கண்ணியின் உயரமும் அகலமும் ஏறக்குறைய ஒன்றே. ஒரு சுற்று போட்டால் ஆரம் ஒரு கண்ணி அளவு கூடும். சுற்றளவு அதைப்போல் 6.28 மடங்கு கூட வேண்டும். 6.28க்குக் கைக்கு அடங்கிய முழு எண் 6. பை என்னும் எண்ணை நான் கையால் தொட்டது இங்கேதான்.

ஆறுக்குக் குறைவாகக் கூட்டினால் வட்டம் குவிந்து கிண்ணமாகும். பொம்மைக்கு வேண்டியது அந்தக் கிண்ணம்தான் என்பதால், இடையிடையே கூட்டாத வெறும் சுற்றுகளைச் செருகி மூக்கைக் கூர்மையாக்குவோம். ஆறுக்கு மேல் கூட்டினால் விளிம்புக்கு இடம் போதாமல் அலை அலையாகச் சுருளும். எனக்கு ஏழாவது சுற்றிலேயே அப்படிச் சுருண்டது. குற்றவாளி, ஷெனில் நூல்.

ஷெனில் நூலைப் பற்றிக் கொஞ்சம் திட்டிவிட்டுப் போகிறேன். வெல்வெட் போல வழுவழுவென்று தடித்து இருக்கும். பெரிய பொம்மைக்கு அதுதான் ஏற்றது என்று எல்லோரும் சொல்வார்கள். கட்டிப்பிடித்துப் பார்த்தால் அது உண்மை என்று நீங்களும் சொல்வீர்கள். பின்னும்போதுதான் தெரியும். பஞ்சுபோன்ற அதன் மயிர் கண்ணியை முழுக்க மூடிவிடும். எங்கே கொக்கியை நுழைப்பது என்று கண்ணுக்குத் தெரியாது. விரல் நுனியால் தடவி, இரண்டு இழைகளுக்கு நடுவே உள்ள பள்ளத்தைக் கண்டுபிடித்து, அங்கே கொக்கியை விட வேண்டும். ஒரே கண்ணியில் இரண்டு முறை குத்தினாலும், ஒன்றை விட்டுத் தாண்டினாலும் அந்த நேரத்தில் தெரியாது. சுற்று முடிந்து எண்ணும்போது 42 வர வேண்டிய இடத்தில் 47 வரும். சரி, பிரித்துவிடலாம் என்றால் அடுத்த கொடுமை: பிரித்துப் பிரித்துப் பின்னினால் மயிர் உதிர்ந்து நடு இழை தெரியத் தொடங்கும். மூன்றாம் முறை பிரித்தபோது என் மடியெல்லாம் நீலப் பொடி. சுற்றின் முதல் கண்ணியில் ஓர் ஊக்கை மாட்டி, ஒவ்வொரு சுற்றுக்கும் அதை மேலே நகர்த்த வேண்டும் என்பது பாலபாடம். அந்த ஊக்கு இல்லாமல் வேலை செய்யலாம் என்று எனக்கு யார் சொன்னது என்று தெரியவில்லை. நானேதான் சொல்லிக்கொண்டிருப்பேன்.

சுருண்டுபோன அந்தத் துண்டை எறியவில்லை. வேண்டுமென்றே அப்படிச் சுருளவிட்டுக் கணிதம் சொல்லிக் கொடுத்தவர் உண்டு. கார்னெல் பல்கலைக்கழகத்தில் இருந்த டைனா தைமினா என்ற லாட்வியக் கணிதவியலாளர், விளிம்பை நோக்கி விரிந்துகொண்டே போகும் பரப்புகளின் கணிதமான அதிபரவளைய வடிவியலை மாணவர்கள் கையில் தொட்டுப் பார்க்கும்படி 1997இல் குரோஷேயில் பின்னினார். ஒவ்வொரு சில கண்ணிகளுக்கும் ஒன்று என்று விடாமல் கூட்டிக்கொண்டே போவதுதான் முறை. விளிம்பு கட்டுக்கடங்காமல் பெருகி மடிப்பு மடிப்பாகத் தொங்கும். கடலில் பல பவளங்களும் ஓடில்லாத கடல் நத்தைகளும் இதே வடிவத்தில்தான் வளர்கின்றன. அதைப் பார்த்து, லாஸ் ஏஞ்சலிஸில் மார்கரெட் வெர்தைம், கிறிஸ்டின் வெர்தைம் என்ற சகோதரிகள் 2005இல் குரோஷே பவளத்திட்டு ஒன்றைப் பின்னத் தொடங்கினார்கள். பல நாடுகளில் பல்லாயிரம் கைகள் அதில் சேர்ந்துகொண்டன. ஆக, எண்ணத் தவறினால் பவளம், தவறாமல் எண்ணினால் திமிங்கிலம். எப்படிப் போனாலும் கடலில்தான் போய் விழுவேன் போலிருந்தது.

மறுபடி தொடங்கினேன், ஊக்கோடு. கூட்டும் இடங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் வட்டம் அறுகோணமாகிவிடும் என்பது சின்னப் பொம்மையில் கண்ணில் படாது. பெரியதில் ஆறு முதுகெலும்பு முளைத்ததுபோல் வரி வரியாகத் தெரியும். அதனால் சுற்றுக்குச் சுற்று இடம் மாற்றிக் கூட்டினேன். சின்னதன் வயிற்றுச் சுற்றளவு 30 கண்ணி, பெரியதற்கு 120. அந்த 120ஐ எட்டியபோது இரண்டு கண்டு தீர்ந்து மூன்றாவது இளைக்கத் தொடங்கியிருந்தது. திமிங்கிலத்துக்கு அதுவரை பிறந்திருந்தது மூக்கும் நெற்றியும் மட்டும்.

அப்போதுதான் தாளை எடுத்துப் பார்த்தேன். நூல் என்பது தோல். நீளம் நான்கு மடங்கானால் அகலமும் நான்கு மடங்காகும். தோலின் பரப்பு 4 × 4, பதினாறு மடங்கு. 60 கிராம் 960 கிராமாகும். பஞ்சு என்பது உள்ளே நிறைவது. அது மூன்று பக்கமும் வளரும். 4 × 4 × 4, அறுபத்துநான்கு மடங்கு. 40 கிராம் 2,560 கிராமாகும். நான் எழுதி வைத்திருந்தது 160.

திமிங்கிலம் என்ற சொல்லுக்கே இப்படி ஒரு கணக்கு உண்டு. திமி என்பது ஒரு பெருமீன். திமியை விழுங்குவது திமிங்கிலம். அதோடு நின்றார்களா என்றால் இல்லை. திமிங்கிலத்தையும் விழுங்குவது திமிங்கிலகிலம். அந்தச் சொல்லைப் படைத்தவர் ஏதோ பெரியதொன்றைக் கையால் செய்து பார்த்திருக்க வேண்டும். நூல்கண்டை விழுங்கியது என் திமிங்கிலம். திமிங்கிலத்தை விழுங்கக் காத்திருந்தது பஞ்சு.

மேலும் ஏழு கண்டுகள் வாங்கினேன். அதே நிறம், அதே பெயர், அதே தடிமன். வீட்டுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் பழையதன் பக்கத்தில் வைத்தால் புதியது சற்று வெளிறியிருந்தது. சாயம் தோய்த்த தொட்டி வேறு; கண்டின் மேல் சுற்றியிருக்கும் சீட்டில் அந்த எண் அச்சாகியே இருக்கிறது, நான்தான் பார்க்கவில்லை. இதற்கு ஒரு வைத்தியம் உண்டு. பழைய நூலில் இரண்டு சுற்று, புதிய நூலில் இரண்டு சுற்று என்று மாற்றி மாற்றிப் பின்னினால் எல்லைக்கோடு கலைந்துவிடும். அதற்குப் பழைய நூல் மீதி இருக்க வேண்டும். எனக்கு இருந்தது எட்டுச் சுற்றுக்கு மட்டும். கலைத்தேன். இன்றும் மாலை வெயிலில் கழுத்துப் பக்கம் ஒரு வெளுத்த பட்டை எனக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியவில்லை என்கிறார்கள். நான் சுட்டிக்காட்டிய பிறகு எல்லோருக்கும் தெரிகிறது.

அதற்குப் பிறகு வந்த முப்பது சுற்றுகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். உடம்பின் நடுப்பகுதி. கூட்டுவது கிடையாது, குறைப்பது கிடையாது. சுற்றுக்கு 120 கண்ணி, சுற்றுக்குப் பத்து நிமிடம். பெரிய பொம்மை பின்னுகிறவர்கள் பெரும்பாலும் கைவிடுவது இந்த இடத்தில்தான் என்று எனக்கு ஒரு கணிப்பு. தொடக்கத்தில் ஒவ்வொரு சுற்றும் வடிவத்தை மாற்றும். கண்முன்னே ஏதோ பிறக்கும். இங்கே ஒரு மணிநேரம் உழைத்தால் ஆறு சுற்று, ஆறு சென்டிமீட்டர் குழாய். திமிங்கிலம் என்று சொன்னால் நம்பமாட்டார்கள்; முடிச்சுப் போடாத சாக்கு என்று சொன்னால் நம்புவார்கள். எனக்கோ அதுதான் மிகவும் பிடித்திருந்தது. எண்ண வேண்டியதில்லை, யோசிக்க வேண்டியதில்லை. விரல் பள்ளத்தைத் தேடும், கொக்கி நுழையும், நூலைப் பிடிக்கும், வெளியே வரும். யாராவது பேசினால் பதில் சொல்ல முடியும். சொல்லாமலும் இருக்க முடியும். மடியில் கிடந்த சாக்கு வாரத்துக்கு வாரம் கனத்தது. ஒவ்வொரு கண்ணிக்கும் அதைத் தூக்கித் திருப்பியதில் மணிக்கட்டு வலி கண்டது. பிறகு மேசைமேல் கிடத்தி, வேலை செய்யும் விளிம்பை மட்டும் மடிக்கு இழுத்துக்கொள்ளப் பழகினேன். பெரிய வேலைக்கு முதலில் தேவை மேசை என்று எந்தக் குறிப்பிலும் எழுதியிருக்காது. வெயில் காலத்தில் இதைத் தொடங்காதீர்கள் என்றும் எழுதியிருக்காது.

இதற்கு முன் நான் பின்னிய கடல் உயிர் ஒரு ஆக்டோபஸ். அது நேர் எதிரான வேலை. குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்காகக் குரோஷே ஆக்டோபஸ் பின்னிக் கொடுக்கும் வழக்கம் டென்மார்க்கில் 2013இல் தொடங்கியது. தொப்புள்கொடியைப் பிடித்து விளையாடிய கைக்கு, பிடித்துக்கொள்ள ஒரு சுருள் கை. அதன் விதிகள் கறாரானவை: பருத்தி நூல் மட்டும், கைகளை நீட்டி அளந்தால் 22 சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. நீளமானால் குழந்தையைச் சுற்றிக்கொள்ளும். அங்கே அரை சென்டிமீட்டர் கூடினாலும் பிரித்துவிட்டு மறுபடி பின்னினேன். இங்கே ஒரு சென்டிமீட்டர் கூடியதா குறைந்ததா என்று எனக்கே தெரியாது. அளவு மாறினால் கைக்குள் இருக்கும் மனசாட்சியும் மாறிவிடுகிறது.

வால் பக்கம் குறுகி, கண்ணிகள் 60க்கு இறங்கியபோது நிறுத்திக்கொண்டு பஞ்சை அடைத்தேன். கை முழங்கை வரை நுழைய அந்த வாய் வேண்டும். இன்னும் குறுகினால் நுழையாது. கண்களையும் அதற்கு முன்பே மாட்டியாக வேண்டும். பின்பக்கம் வட்டத் தகடு போட்டு அழுத்திவிட்டால் பிறகு கழற்ற முடியாத பிளாஸ்டிக் கண்கள் அவை. மூன்று வயதுக்குள் குழந்தை இருக்கும் வீடு என்றால் இவை வேண்டாம், நூலாலேயே கண் தைத்துவிடலாம். திமிங்கிலத்தின் கண் நாம் நினைக்கும் இடத்தில் இருப்பதில்லை; வாய்க்கோடு முடியும் மூலையில், தாழ, மிகச் சின்னதாக இருக்கும். நானும் அங்கேயே வைத்தேன். முன்னிருந்து பார்த்தால் முகமே இல்லாததுபோல் இருக்கும். பக்கவாட்டில் வந்தால் உங்களையே பார்த்துக்கொண்டிருக்கும்.

பஞ்சு அடைப்பது தனிக் கலை. பொட்டலத்திலிருந்து எடுத்த பஞ்சை அப்படியே திணித்தால் உருண்டை உருண்டையாகத் தங்கி, வெளியே கட்டி கட்டியாகத் தெரியும். விரல்களால் கோதிப் பிரித்து மேகமாக்கிய பிறகே உள்ளே விட வேண்டும். முதலில் ஓரங்கள், தோலோடு ஒட்டி, நடு கடைசியில். ஒரு மாலை முழுக்க அடைத்தேன். முக்கால் பங்கு நிறைந்ததும் பஞ்சு தீர்ந்தது. எதிர்பார்த்ததுதான். மீதியை வாங்கும் வரை நாற்காலியின் மேல் கிடத்திவைத்தேன். வேறு வேலைகள் வந்து இரண்டு வாரம் ஓடிவிட்டது.

திரும்பி வந்து பார்த்தபோது திமிங்கிலம் செத்துப்போயிருந்தது. வேறு சொல் தெரியவில்லை. வயிறு தட்டையாகி நாற்காலியின் வடிவத்துக்கு வழிந்திருந்தது. தலை விளிம்பைத் தாண்டித் தொங்கியது. முதுகின் கண்ணிகள் இழுபட்டு, இடைவெளிகளில் வெள்ளைப் பஞ்சு எட்டிப் பார்த்தது. சின்னத் திமிங்கிலம் அதே நூல், அதே கொக்கி, அதே பஞ்சு. அதை எப்படிப் போட்டாலும் கல்லுக்குண்டு போல நிற்கிறதே என்று எனக்குக் கோபம்.

இதற்கு விளக்கம் சொன்னவர் கலிலியோ. ஒரு பிராணியை அதே வடிவத்தில் பெரிதாக்கிக்கொண்டே போனால் எடை கன அளவில் கூடும், அதைத் தாங்கும் எலும்பின் வலிமை குறுக்குவெட்டுப் பரப்பளவில்தான் கூடும்; ஆகவே ராட்சதப் பிராணிக்கு எலும்பு விகாரமாகப் பருத்திருக்க வேண்டும் என்று 1638இல் வெளிவந்த தன் நூலில் படம் போட்டே காட்டினார். என் பொம்மைக்கு எலும்பு கிடையாது; தாங்குவதெல்லாம் தோல்தான். தோல் பதினாறு மடங்கு, சுமை அறுபத்துநான்கு மடங்கு. ஒவ்வொரு கண்ணியும் சின்னதில் தாங்கியதைப்போல் நான்கு மடங்கு தாங்க வேண்டியிருந்தது. தாங்கவில்லை.

கலிலியோ அதே இடத்தில் இன்னொன்றும் கேட்கிறார்: அப்படியானால் கடலில் மட்டும் எப்படி அவ்வளவு பெரிய உயிர்கள்? தண்ணீர் தாங்குகிறது. கரையொதுங்கிய பெரும் திமிங்கிலங்கள் மூச்சுவிட முடியாத காற்றினால் சாவதில்லை. அவை காற்றைச் சுவாசிக்கும் பாலூட்டிகள்தான். தன் எடையே தன் உறுப்புகளை நசுக்குகிறது. கொழுப்புத் தோலுக்குள் உடம்பு கொதிக்கிறது. நான் ஒரு திமிங்கிலத்தைச் செய்து, இரண்டு வாரம் நாற்காலியில் கரையொதுக்கி வைத்திருந்தேன்.

பஞ்சு முழுவதையும் வெளியே எடுத்தேன். எடுத்த பஞ்சு, அடைத்த பஞ்சைவிட ஏன் இரண்டு மடங்காக இருக்கிறது என்று கலிலியோவும் சொல்லவில்லை. பழைய பருத்திப் படுக்கைவிரிப்பைக் கிழித்து, உடம்பின் வடிவத்தில், உடம்பைவிட ஒரு விரற்கடை சிறியதாக ஒரு பை தைத்தேன். திண்டுக்குள் இருக்கும் உறைபோல. நெய்த துணி குரோஷே போல நெகிழாது. இழுத்தால் அப்படியே நிற்கும். பையைத் திமிங்கிலத்துக்குள் செருகி, வாய்களைச் சேர்த்துப் பிடித்து, பஞ்சைப் பைக்குள் அடைத்தேன். இப்போது எடையைத் தாங்குவது துணி. குரோஷே வெறும் போர்வை. முன்பே யாராவது இதைச் சொல்லியிருக்கலாம். 2,400 கிராமில் நிறைந்தது. என் 2,560க்கு மிகவும் பக்கத்தில் வந்ததில் எனக்கு வெட்கம் கெட்ட பெருமிதம்.

துடுப்புகள் தற்செயலால் சரியாக வந்தன. அவள் கேட்டது கூன்முதுகுத் திமிங்கிலம். துடுப்புக்கு நான் பிடித்துவைத்திருந்த குறிப்பு பிரிட்டனில் எழுதப்பட்டது என்பதைக் கவனிக்கவில்லை. அமெரிக்கக் குறிப்புகளில் சிங்கிள் குரோஷே எனப்படுவதற்கு பிரிட்டனில் டபுள் குரோஷே என்று பெயர். ஒரே சொல், இரண்டு தையல். இதை ஒழுங்குபடுத்த இரு தரப்புக்கும் மனம் வரவில்லை. டபுள் என்று படித்த நான் அமெரிக்க டபுள் போட்டேன். அது இரட்டிப்பு உயரம். 20 சென்டிமீட்டர் வர வேண்டிய துடுப்பு 40 சென்டிமீட்டர் வந்தது. பிரிக்க உட்கார்ந்தபோது அவள் தன் படப்புத்தகத்தைக் கொண்டுவந்து விரித்தாள். கூன்முதுகுத் திமிங்கிலத்தின் துடுப்பு உடம்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நீளம். அதன் அறிவியல் பெயரான மெகாப்டெராவுக்குப் பெரிய சிறகு என்றுதான் பொருள். 120இல் மூன்றில் ஒன்று 40. "நீங்கள் சரியாகத்தான் செய்திருக்கிறீர்கள், அத்தை" என்றாள். நான் மறுக்கவில்லை.

துடுப்பின் முன்விளிம்பில் இருக்கும் புடைப்புகளுக்கு, ஒரே இடத்தில் ஐந்து அரைகுறைக் கண்ணிகளைப் போட்டு ஒன்றாக முடிந்து குமிழ் செய்தேன். அந்தப் புடைப்புகள் அழகுக்கு அல்ல. செங்குத்தாகத் திரும்பும்போதும் நீர் துடுப்பைவிட்டு விலகிவிடாமல் பார்த்துக்கொள்கின்றன. காற்றாலை இறக்கைகளுக்குக்கூட அதை எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். ஷெனில் நூலில் குமிழ் போடுவது மட்டும் யாரும் பின்பற்றத் தக்கதல்ல. துடுப்புக்கு ஒன்பதோடு நிறுத்திக்கொண்டேன். உள்ளே பஞ்சும் வைக்கவில்லை. வைத்தால் உலக்கைபோல் நீட்டிக்கொண்டு நிற்கும்.

வாலைத் தைத்தது ஓர் இரவு. மறுநாள் காலையில் அறைக்குள் நுழைந்ததும் ஏதோ உறுத்தியது. மீனுக்கு இருப்பதுபோல் செங்குத்தாகத் தைத்திருந்தேன். மீன் வாலை இடம் வலமாக வீசும். திமிங்கிலம் மேலும் கீழுமாக அடிக்கும், தரையில் ஓடிய மூதாதையரின் முதுகு வளைந்த விதத்தில். அதனால் அதன் வால் கிடைமட்டம். ஐந்து மாதம் திமிங்கிலத்தோடு குடித்தனம் நடத்தியவளுக்கு இரவு பதினொரு மணிக்கு இது நினைவில் இல்லை. பிரித்துத் தைத்தேன்.

கடைசியாக வயிறு. தாடையிலிருந்து தொப்புள் வரை ஓடும் மடிப்புகளுக்கு ஒரு வெள்ளைத் துண்டைத் தனியாகப் பின்னினேன். கண்ணியின் இரண்டு இழைகளில் பின் இழையில் மட்டும் கொக்கியை நுழைத்துப் போய்த் திரும்பினால், வரிசைக்கு வரிசை வரப்பும் பள்ளமுமாக வரும். கூன்முதுகுத் திமிங்கிலத்துக்கு 14 முதல் 35 மடிப்புகள் வரை உண்டு, என்னுடையதற்கு 22. இந்த வேலை முழுவதிலும் எந்தத் தவறும் நேராத ஒரே பகுதி இது. ஆகவே சொல்வதற்கும் ஒன்றுமில்லை. தைத்து முடித்த பிறகு, உள்ளே இருக்கும் துணிப்பை புரண்டுவிடாமல் இருக்க நீண்ட ஊசியால் வெள்ளைத் துண்டு முடியும் இடத்தில் உள்ளும் வெளியுமாக நான்கு தையல் போட்டு இறுக்கினேன். அங்கே ஒரு சின்னக் குழி விழுந்தது. மறைக்கத் தெம்பில்லை.

கொடுத்த அன்று அவள் முதலில் செய்தது, அளந்தது. கதவு நிலையில் புதிய கோடு போட்டிருந்தார்கள்: 121. நான் பின்னிய ஐந்து மாதத்தில் அவள் மூன்று சென்டிமீட்டர் வளர்ந்துவிட்டாள். திமிங்கிலம் 120. அதுவும் வால் நுனி வரை. அறிவியல் முறைப்படி வாலின் நடுப்பிளவு வரை அளந்தால் இன்னும் குறையும் என்பதை நான் சொல்லவில்லை.

கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு அதன் மேல் குப்புறப் படுத்தாள். முழுதாகப் படுத்தாள், கால் மட்டும் ஒரு விரல் நீட்டிக்கொண்டிருந்தது. துணிப்பை தாங்கியது. புரண்டு கீழே இறங்கி, திமிங்கிலத்தைத் திருப்பிப் போட்டு, வயிற்றைத் தடவிப் பார்த்தாள். குழியில் விரல் நின்றது.

"இது என்ன?"

"தொப்புள்" என்றேன், யோசிக்காமல். பொய்யும் இல்லை. பாலூட்டிகளுக்குத் தொப்புள் உண்டு, திமிங்கிலத்துக்கும் உண்டு, மடிப்புகள் போய் முடியும் இடமும் அதுதான்.

"அப்படியென்றால் இது குட்டி. அதனால்தான் என்னைவிடச் சின்னதாக இருக்கிறது." விஷயம் அவளுக்குத் தெளிவாகிவிட்டது. "இதன் அம்மா எவ்வளவு பெரியது?"

கூன்முதுகுத் திமிங்கிலக் குட்டி பிறக்கும்போது நான்கு மீட்டருக்குச் சற்று மேல் இருக்கும். தாய் பதினான்கு, பதினைந்து மீட்டர். அதே விகிதம் என்றால் இந்தக் குட்டியின் தாய்க்கு நான்கு மீட்டர் நீளம். இந்தத் தடவை முதலிலேயே சரியாகப் பெருக்கினேன். நூல் பத்தரை கிலோவுக்கு மேல். பஞ்சு 89 கிலோ.

அம்மா கடலில் இருக்கிறது என்றேன்.

"சரி" என்று சொல்லிவிட்டு மறுபடி ஏறிப் படுத்துக்கொண்டாள்.